கத்தரி படாத முடி

கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா செல்லும் சாலையில் உள்ள ஊர் திரிங்காப். காய்கறித் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரிலும், அதனை அடுத்த தேயிலை மலைகளிலும் இரவு வேளையில் வெப்பம் 15 பாகை வரை தாழும். அங்கு வாழும் நம் தாய்மார் தலைக்குக் குளித்தால் கூந்தல் எளிதில் உலராது. அத்தகைய குளிரிலும், பிறந்தது முதல் கத்தரி படாத முடியை ஓர் ஆண்மகன் வாழ்நாள் முழுவதும் பேணுகிறான் என்றால், அதற்கு ஆழ்ந்த காரணம் இருத்தல் வேண்டும் அன்றோ? நம்மோடு இந்நாட்டில் வாழும் சீக்கியப் பெருமக்களின் அந்நெறியை இத்திங்கள் அறிந்து கொள்வோம்.

பெயரில் ஒரு பிழை

நம் தோட்டங்களில் சீக்கியரை ‘வங்காளி’ என்று அழைக்கும் பழக்கம் நெடுநாளாக உண்டு. அவர்கள் வங்காளத்தவர் அல்லர். பஞ்சாப் மண்ணின் மக்கள். கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறி வந்ததால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது என்பர். 1873 ஆம் ஆண்டில், லாருட் ஈயச் சுரங்கப் பகுதியில் அமைதியை நிலைநாட்டக் கேப்டன் ஸ்பீடி என்பார் இந்தியாவிலிருந்து அழைத்து வந்த வீரர்களுள் சீக்கியரும் இருந்தனர். பின்னர் 1896 இல் அமைக்கப்பட்டு 1919 வரை இருந்த மலாய் மாநிலக் காவற்படையிலும் அவர்கள் பெரும் பங்கு பெற்றனர். தலைப்பாகையும் தாடியும் அவர்களோடு இந்நாட்டிற்கு வந்தவை.

நெறியின் தோற்றம்

சீக்கிய சமயத்தை நிறுவியவர் 1469 இல் தோன்றிய குரு நானக். அவர் வழிவந்த ஒன்பதாம் குருவாகிய தேக் பகதூர், 1675 இல் தில்லியில் முகலாய மன்னரின் ஆணையால் கொல்லப்பட்டார். அவ்வேளையில் அவருடைய அடியார் பலர், தம்மை வெளிக்காட்ட அஞ்சிக் கூட்டத்தில் மறைந்து நின்றனர் எனச் சீக்கிய மரபு கூறும். அவர் மைந்தரும் பத்தாம் குருவுமாகிய கோவிந்த சிங், 1699 ஆம் ஆண்டு வைசாகித் திருநாளன்று ஆனந்தபூரில் ‘கால்சா’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். எத்தகைய கூட்டத்திலும் சீக்கியன் தன்னை ஒளித்துக்கொள்ள இயலாதவாறு ஐந்து அடையாளங்களை வகுத்தார். முடி, சீப்பு, இரும்புக் காப்பு, அரைக்காற் சட்டை, குறுவாள் என்பன அவை.

அவற்றுள் முடியை அவர்கள் ‘கேஸ்’ என்பர். நாம் வழங்கும் ‘கேசம்’ என்னும் சொல்லின் உறவே அது. இறைவன் தந்த உடலை அவன் தந்தவாறே ஏற்பது என்பதே அதன் உட்பொருள். முடியுடன் சீப்பும் சேர்க்கப்பட்டிருப்பது கருதத் தக்கது. துறவியர் முடியைச் சடையாக விடுவர். சீக்கியரோ நாள்தோறும் வாரி முடிந்து, தூய்மையாக வைத்தல் வேண்டும். உலகைத் துறவாமல், உழைத்து, குடும்பத்தோடு வாழ்ந்தே இறைவனை நாட வேண்டும் என்பதை அது உணர்த்துகிறது. இந்நெறி பெண்களுக்கும் உரியது.

நாம் அறிந்த நோன்பு

பத்துமலைக்குக் காவடி எடுப்போர் மொட்டையடித்து முடியைக் காணிக்கையாக்குகின்றனர். ஐயப்பனுக்கு மாலை அணிந்தோர் நோன்பு முடியும் வரை முடியும் தாடியும் களைவதில்லை. ஆகவே முடியை நீக்குதலும் வளர்த்தலும் வழிபாடாகும் என்பது நமக்குப் புதிதன்று. நம் நோன்பு சில வாரங்களில் முடிகிறது. சீக்கியரின் நோன்போ வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. வேறுபாடு அவ்வளவே.

நோன்பின் இடர்கள்

நீண்ட நோன்புக்கு இடரும் மிகுதி. இங்கிலாந்தின் உல்வர்ஹாம்டன் நகரில், 1967 இல் தலைப்பாகையும் தாடியுமாகப் பணிக்கு வந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர் வீட்டிற்குத் திருப்பி அனுப்பப்பட்டார். ஈராண்டுப் போராட்டத்திற்குப் பின்னரே, 1969 இல், அத்தடை நீங்கியது. மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்திலிருந்து சீக்கியருக்கு விலக்களிக்கும் சட்டம் அந்நாட்டில் 1976 இல் பிறந்தது. நம் நாட்டிலும் தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு அவ்விலக்கு உண்டு. ஒவ்வொருவரும் தம் சமயத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையை நம் அரசியலமைப்பின் 11 ஆம் பிரிவு உறுதி செய்கிறது.

சட்டத்தால் தீராத இடரும் உண்டு. நாள்தோறும் விடியலில் எழுந்து, ஏறக்குறைய ஐந்து மீட்டர் நீளத் துணியை மடிப்புக் கலையாமல் கட்டுதல் எளிதன்று. அதனினும் கடினம் பிறருடைய ஏளனத்தைப் பொறுத்தல். உச்சியில் கொண்டையிட்டுச் சிறு துணி கட்டிப் பள்ளிக்கு வரும் சிறுவனின் கொண்டையைப் பிடித்து இழுப்பது மற்றப் பிள்ளைகளுக்கு விளையாட்டு. அவனுக்கோ தன் குருவின் கொடையையே பிறர் இழிவு செய்ததாகும். நாள்தோறும் கேலிக்குள்ளாகும் பிள்ளை, ஒரு நாள் முடிதிருத்தகத்தின் படியேறிவிடுவதும் உண்டு. அன்று அவ்வீட்டில் தாய் வடிக்கும் கண்ணீரை நாம் அறிவதில்லை.

தாமே விரும்பி முடி வெட்டிக்கொண்ட சீக்கியரும் பலர் உளர். திருமுழுக்காகிய அமிர்தம் பெற்றவர் முடி வெட்டுதல் பெருங்குற்றம் என 1945 இல் ஏற்கப்பட்ட சீக்கிய ஒழுக்க விதிகள் கூறுகின்றன. ஆயினும் குருத்துவாராவின் பொதுப் பந்தியில் எவருக்கும் இடமுண்டு. முடி வெட்டியவரை, ‘நீ என்ன சீக்கியன்?’ என்று வினவும் உரிமை நமக்கு இல்லை. அது அவருக்கும் அவர் இறைவனுக்கும் இடைப்பட்டது.

நாம் செய்யத் தக்கது

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகளிடம் இன்றே சொல்லுங்கள்: சீக்கியத் தோழனின் தலைப்பாகையைத் தொடாதே, அவன் முடியைக் குறித்து நகையாடாதே, பிறர் நகைத்தால் அவன் பக்கம் நில். அவரை ‘வங்காளி’ என்னாது, அவருடைய பெயரைச் சொல்லி அழைக்க நாமும் பழகுவோம். நம் காவடியையும் நம் மொட்டைத் தலையையும் பிறர் மதிக்க வேண்டும் என விரும்பும் நாம், அயலவரின் கத்தரி படாத முடியையும் மதித்தல் முறையன்றோ?