மருமகளுக்கு ஒரு கடிதம்: மின் ஊசிச் சிகிச்சை குறித்து

செந்துறை,
ஆடி மாதம்.

மருமகளுக்கு,

தை மாதத்தில் நிச்சயித்திருக்கும் கல்யாணத்துக்கு முன்னதாக, மோவாயிலும் மேலுதட்டிலும் முளைக்கும் ரோமத்தை எலக்ட்ரோலிசிஸ் என்னும் மின் ஊசிச் சிகிச்சையால் அடியோடு ஒழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். செய்துகொள்ளலாம், ஆனால் தைக்குள் முடியாது, காரணம் இன்னதென்று அறியாமல் ஆரம்பிக்கவும் கூடாது. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தவள் என்ற உரிமையில், பார்லர்காரி சொல்லமாட்டாத சில விஷயங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பெண்ணின் முகத்தில் ரோமம் கரியதாகவும் தடித்தும் வளர்வது, பெரும்பாலும், சரீரத்தினுள் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் அளவுக்கு மீறியதன் அடையாளம். அம்மிகுதிக்கு மிகச் சாதாரணமான காரணம், ஊரார் நீர்க்கட்டி என்றும் டாக்டர்கள் பி.சி.ஓ.எஸ். என்றும் சொல்லும் கோளாறு. உனக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருவதாக உன் தாயார் ஒருமுறை சொன்னதை நான் மறக்கவில்லை. ஊசியானது முளைத்து நிற்கும் ரோமத்தின் வேரை அழிக்கும். இன்றைக்குப் பூனைமுடியாகக் கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பதை நாளைக்குக் கரிய ரோமமாக மாற்றும் ஹார்மோனை அது தொடுவதேயில்லை. ஆகவே 2022இல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே போய், மகளிர் மருத்துவரிடம் காட்டி, வயிற்று ஸ்கேனும், டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின் இவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும் அவசியமா என்று கேள். மாத்திரை கொடுத்தால் ரோமத்தில் அதன் பலன் தெரிய ஆறு மாதமாவது செல்லும். அவற்றுள் சில கர்ப்பம் தரிக்கக்கூடிய காலத்தில் உட்கொள்ளத் தகாதவை என்பதால், கல்யாணத் தேதியை டாக்டரிடம் கூச்சமின்றிச் சொல்லிவிடு. இன்னொன்று: முகம் வெளுக்கும் என்று யாரோ சொல்ல, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய ஸ்டீராய்டு கிரீம் எதையேனும் பூசி வருகிறாயா? அப்படிப்பட்ட கிரீமை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இல்லாத இடத்திலும் ரோமம் முளைக்கும். அதைத் திடீரென்று நிறுத்தினாலும் முகம் சிவந்து எரியும் என்பதால், அந்த டியூபையே எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போ. சில மாதங்களுக்குள் ரோமம் மளமளவென்று பெருகி, குரலும் தடித்து, முன்தலையில் வழுக்கையும் விழத் தொடங்கினால், அது அழகைப் பற்றிய விஷயமே அன்று. சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டிய காரியம்.

இனி, சிகிச்சையின் வரலாறு. இமைமயிர் உட்புறமாக வளைந்து கருவிழியை ஓயாமல் உறுத்தும் நோய் ஒன்று உண்டு. அந்த மயிரை இடுக்கியால் பிடுங்கினாலும் சில வாரத்தில் மறுபடி முளைத்துக் குத்தும். இதற்கு உபாயம் தேடிய அமெரிக்கக் கண் வைத்தியர் சார்லஸ் மிஷெல் என்பவர், மயிர்க்காலுக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சினால் அம்மயிர் திரும்ப முளைப்பதில்லை என்று 1875இல் எழுதி வெளியிட்டார். நேர்மின்னோட்டம் பாயும்போது, மயிர்க்காலிலுள்ள உப்பும் நீரும் பிரிந்து, காஸ்டிக் சோடா துளியளவு உண்டாகி, ரோமத்தை வளர்க்கும் திசுவைக் கரைத்துவிடுகிறது. விநாடிக்குக் கோடி தடவைக்கு மேல் திசைமாறும் மின்னோட்டத்தால் மயிர்க்காலைச் சுட்டு அழிக்கும் முறை பின்னால் 1920களில் வந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு. சுடும் முறையில் வேலை சீக்கிரம், கரைக்கும் முறையில் சற்று மெதுவானாலும் உறுதி என்பார்கள். என் அபிப்பிராயத்தில், எந்திரத்தைவிட அதைப் பிடிக்கும் கையே முக்கியம்.

லேசரைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது கருநிறத்தைத் தேடிச் சுடுவது. ஆகையால் நரைத்த ரோமத்துக்கும் பூனைமுடிக்கும் பிரயோசனமில்லை. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அலைநீளம் பார்த்துச் செய்யாவிட்டால் தோலையும் சுடும். ஹார்மோன் கோளாறுள்ள பெண்கள் சிலருக்கு முகத்தில் ரோமம் குறைவதற்குப் பதிலாகக் கூடுவதும் உண்டு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் லேசருக்கு நிரந்தரக் குறைப்பு என்ற சொல்லை மட்டுமே அனுமதித்து, நிரந்தர நீக்கம் என்பதை மின் ஊசிக்கே ஒப்புக்கொள்கிறது. கை கால் முழுவதற்கும் ஒவ்வொரு ரோமமாக ஊசி போட ஆயுசு போதாது; மோவாய்க்கு அது ஏற்றது.

ஆனால் ஒரே சமயத்தில் எல்லா ரோமமும் வளர்ந்துகொண்டிருப்பதில்லை. சில வளரும், சில உதிரும், சில உள்ளே உறங்கும்; வளரும் பருவத்தில் இருப்பதைத்தான் ஊசி தீர்த்துக் கட்டும். அதனால் முதலில் வாரத்துக்கொரு முறை, பிறகு பதினைந்து நாளுக்கொரு முறை, பிறகு மாதத்துக்கொரு முறை என்று ஒன்று ஒன்றரை வருஷம்கூடப் போய்வர வேண்டியிருக்கலாம். அரியலூருக்குப் பஸ், அங்கிருந்து ஊசி போடும் இடமான திருச்சிக்கு ரயில், அரை மணி நேர ஊசிக்காக ஒரு நாள் வேலை கெடுதல் என்ற கணக்கையும் சேர்த்துத்தான் செலவைப் பார்க்க வேண்டும். பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்பவளிடம் பேசிக்கொண்டிருக்கவே வேண்டாம்.

யாரிடம் போவது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஊசி புதியதா, ஒருவருக்கு ஒன்றா, உன் கண்ணெதிரே உறையைப் பிரிக்கிறார்களா என்று பார். மஞ்சள்காமாலையின் சில வகைகளும் எச்.ஐ.வி.யும் இரத்தத்தோடு பரவும் என்பதை அறிந்தவள் இதைக் கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளமாட்டாள். ஊசி மயிர்க்காலின் வழியே சரியாக இறங்கினால் தோலைத் துளைக்காது. இரத்தம் பொட்டுப்பொட்டாக வந்தால் கை பழகவில்லை என்று அர்த்தம். மின்சாரம் சுரீரென்று தைக்கத்தான் செய்யும். ஆனால் பிறகு இடுக்கியால் எடுக்கும்போது ரோமம் தடையின்றி வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வெடுக்கென்று இழுபட்டால், அவள் வெறுமனே பிடுங்குகிறாள். கோரையைக் கொத்திக் கிழங்கை மண்ணிலேயே விட்டதைப்போல, பணம் கொடுத்ததுதான் மிச்சம். மோவாய்க்கு அடியில் ஒதுக்குப்புறமாகப் பத்து ரோமத்துக்கு மட்டும் செய்வித்துக்கொண்டு, ஓரிரு மாதம் பொறுத்துப் பார். நம் தோலில் கருந்தழும்பு உடனே தெரியாது. காது குத்திய இடமோ தடுப்பூசி போட்ட இடமோ தடித்துப் புடைக்கும் சுபாவம் உனக்கு இருந்தால், தோல் டாக்டரின் சம்மதமில்லாமல் தொடாதே. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இச்சிகிச்சை ஆகாது. வீட்டிலேயே செய்துகொள்ளலாமென்று விற்கும் ஊசியில்லாத மின் இடுக்கி காசுக்குக் கேடு.

சிகிச்சை தொடங்கச் சில வாரம் முன்பிருந்தே த்ரெடிங்கும் வாக்ஸிங்கும் விட்டுவிடு; வேரோடு பிடுங்கிய ரோமத்துக்கு ஊசி போட வழியில்லை. இடைக்காலத்தில் சிறு கத்தரியால் நறுக்கிக்கொள், அல்லது ரேஸரால் வழித்துக்கொள். வழித்தால் தடித்து வளரும் என்பது வெறும் பேச்சு. ஊசி போட்ட இடத்தில் சிறு பொருக்கு கட்டினால் தானாக உதிரும்வரை கிள்ளாதே. வெயில் படாமல் மூடிக்கொள். இரண்டு நாளைக்குப் பவுடரும் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் வேண்டாம். நலங்கு வைத்து முகமெல்லாம் மஞ்சள் பூசுவார்களாதலால், கல்யாணத்துக்கு முந்தைய மூன்று வாரமும் ஊசிக்கு விடுமுறை.

முகூர்த்தத்தன்று காலையில் ரேஸரால் வழித்துக்கொண்டு மணையில் உட்கார். ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்க வேண்டிய தோஷமும் இதில் ஏதுமில்லை. அவர்கள் வீட்டிலும் எவளாவது ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் இடுக்கியோடு நிற்பவளாகத்தான் இருப்பாள். பரிசோதனையெல்லாம் முடிந்தபின், இந்த நாலு ரோமத்துக்காக ஊசி வேண்டாம் என்று உனக்கே தோன்றினாலும் எனக்குச் சம்மதமே.

இந்த வாரமே அரியலூருக்குப் போய் வா. கிரீம் பூசுகிறாயானால் அந்த டியூபை மறவாமல் எடுத்துப் போ. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்பு. திருச்சிக்கு முதல் முறை போகும்போது நானும் துணைக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தை.