தீயில் இணையும் இரும்பு

நுழையும்முன்

கைத்தொழிலைக் கல்விக்குக் கீழாகவும் கலையைத் தொழிலுக்கு மேலாகவும் வைத்தெண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஒரே நெருப்பில் கதவையும் சிற்பத்தையும் உருவாக்கும் பற்றவைப்புத் தொழில், அவ்வழக்கத்தை மீண்டும் எண்ணிப்பார்க்கச் செய்கிறது.

மலையின் கொல்லர்கள்

நீலகிரியின் தொல்குடியினரான கோத்தர், மலைவாழ் மக்கள் பலருக்கும் இரும்புக் கருவிகள் வடித்துத் தந்தனர். அவர்களே சடங்குகளில் இசை வழங்கிய கலைஞர்களும் ஆவர். சம்மட்டி பிடித்த கைகளே குழலையும் ஏந்தின.

உலையில் காய்ச்சிய இரு துண்டுகளை அடித்து ஒன்றாக்குவது பழைய பற்றவைப்பு முறை. இன்று உதகையின் பட்டறைகளில் அப்பணியை மின்சாரம் செய்கிறது. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பிரிவை ஓராண்டில் கற்கலாம்.

கையும் கவனமும்

வெல்டிங் ராடுக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் மின்வில் எழுகிறது. இரும்பு உருகும் 1538 டிகிரி செல்சியசைவிட அதன் வெப்பம் மிக அதிகம். ராடின் மேற்பூச்சு வளிமமாகவும் கசடாகவும் மாறி, உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கிறது. கை விரைந்தால் இணைப்பு ஆழம் பெறாது. தாமதித்தால் தகடு துளைபடும். கண்ணைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர்களைத் தடுக்க முகக்கவசம் இன்றியமையாதது.

பனிமூட்டம் மிக்க உதகையில் மற்றொரு கவனமும் தேவை. ராடின் பூச்சு ஈரத்தை உறிஞ்சினால், இணைப்பினுள் நுண்துளைகளும் வெடிப்புகளும் தோன்றக்கூடும். எனவே ராடுகளை உலர்வாகக் காத்தல் வேண்டும். உள்ளிருக்கும் குறையை வண்ணப்பூச்சு மறைத்துவிடும். பாரம் ஏறும்போது அது வெளிப்படும். மலைப்பாதையோரத் தடுப்புக்கம்பியில் சாயும் குழந்தை, அதைப் பற்றவைத்தவரின் நேர்மையை நம்பியே சாய்கிறது.

பட்டறையிலிருந்து கலைக்கூடம்

இதே நுட்பம் தமிழகச் சிற்பக்கலையிலும் புதுவழி திறந்தது. சென்னைக்கு அருகே 1966இல் உருவான சோழமண்டலக் கலைக்கிராமத்தோடு இணைந்து இயங்கிய பி.வி. ஜானகிராம், உலோகத் தகடுகளை அடித்து வடிவமைத்து, கம்பிகளைப் பற்றவைத்து அணிகளாக்கினார். அக்கிராமத்தின் மற்றொரு சிற்பியான எஸ். நந்தகோபால், தாமிரத்தையும் பித்தளையையும் பற்றவைத்து, மரபுக் கதைகளின் சாயலுடைய சிற்பங்களைப் படைத்தார். வார்ப்பு முறையில் தெய்வத் திருமேனிகள் கண்ட தமிழ்மண்ணில், பற்றவைப்பும் சிற்பமொழியாயிற்று.

கற்பனை எத்துணை உயர்ந்ததாயினும், இணைப்பு உறுதியற்றதாயின் சிற்பம் நிலைக்காது. நேர்கோட்டில் பற்றவைக்க நாள்தோறும் பழகும் மாணவர், தொழிலுக்கு மட்டுமன்றிக் கலைக்கும் அடித்தளம் இடுகிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப் பட்டறைக்கு ஆசிரியருடன் சென்று, அங்கு வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுக்க.

2. ‘கண்ணுக்குத் தெரியாத குறையே பெருங்குறை’ – பாடக்கருத்தின் துணைகொண்டு விளக்குக.