சங்கச் செயலாளர் ஆகிவிட்டீர்களா?

ஆண்டுப் பொதுக்குழுவில் கணக்கு வாசித்து முடித்ததும் ஓர் அமைதி விழும். "அடுத்த செயலாளர் யாரு?" என்று தலைவர் கேட்டவுடன் எல்லோரும் செல்போனைக் குனிந்து பார்ப்பார்கள். கடைசியாக எழுந்து கேள்வி கேட்டவர் எவரோ அவர்தான் மாட்டிக்கொள்வார். "சார் நல்லாப் பேசறார், அவரே இருக்கட்டும்." கைதட்டல், காபி, முடிந்தது.

தமிழ்நாட்டு நகரங்களில் பல குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு இப்படித்தான் செயலாளர் கிடைக்கிறார். சம்பளம் கிடையாது. மேலதிகாரிகளுக்கு மட்டும் பஞ்சமே இல்லை, வீட்டுக்கு ஒருவர். பகலில் உங்களுக்கு வேறு உத்தியோகம் இருக்கிறது. ஆனாலும் இதுவும் ஒரு வேலைதான். வேலையாக நினைத்துச் செய்தால் வாரத்துக்குச் சில மணி நேரத்தில் அடக்கிவிடலாம். சேவையாக நினைத்து இறங்குபவர்கள்தான் ரத்தக் கொதிப்போடு ராஜினாமா கடிதம் எழுதுகிறார்கள்.

முதல் வாரத்தில் எந்தப் பிரச்சினையையும் தொடாதீர்கள். பழைய செயலாளர் வீட்டுக்குப் போய்க் காகிதங்களை வாங்குங்கள். பதிவுச் சான்றிதழ், துணை விதிகள், மினிட் புக், உறுப்பினர் பதிவேடு, பாஸ்புக், சங்கத்தின் பான் அட்டை, இதுவரை கொடுத்த மனுக்களின் நகல்கள். "எல்லாம் பீரோவுல எங்கேயோ இருக்கு, தேடித் தர்றேன்" என்று சொன்னால் அங்கேயே உட்கார்ந்து தேடுங்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது. ஆண்டுக்கு ஒரு பொதுக்குழு கூட்ட வேண்டும். கணக்கையும் நிர்வாகிகள் விவரத்தையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பதிவு செய்த கையோடு பதிவாளரை மறந்துவிட்ட சங்கங்கள் ஏராளம். தெருமுனைப் பலகையில் பதிவு எண் பளபளக்கும். பதிவாளர் அலுவலகக் கோப்பிலோ எப்போதோ காலமானவர் இன்னும் பொருளாளராக இருப்பார். சங்கம் நீதிமன்றம் போக நேர்ந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கைவைக்கும் இடம் அதுதான். நிலுவையை நேர்செய்வதே உங்கள் முதல் மாத வேலை. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் அதற்கென 2022ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. இங்கே நான் பேசுவது தனி வீடுகள் கொண்ட தெருக்களையும் நகர்களையும் பற்றி.

இனி உண்மையான வேலை. செயலாளர் என்றால் தெருவுக்காகக் குரல் கொடுப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். குரலுக்கு எந்த அலுவலகத்திலும் கோப்பு எண் போடுவதில்லை. எந்தப் பிரச்சினை எந்த மேசைக்குரியது என்று தெரிந்துகொண்டு, அந்த மேசையை விடாமல் தொடர்வதுதான் செயலாளரின் தொழில்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு, உட்தெருச் சாலை ஆகியவை மாநகராட்சியுடையவை. டிரான்ஸ்ஃபார்மரும் பில்லர் பாக்ஸும் மின்வாரியத்தைச் சேர்ந்தவை. பேருந்து போகும் பெரிய சாலை மாநகராட்சியின் தனிப் பிரிவிடம் இருக்கலாம், நெடுஞ்சாலைத் துறையிடமும் இருக்கலாம். மதுரை, திருச்சியில் குடிநீரும் சாக்கடையும்கூட மாநகராட்சியின் தலையில்தான். புறநகரில் உங்கள் நகர் இன்னும் ஊராட்சிக்குள் இருந்தால் வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார்க்க வேண்டும்.

தெருவிளக்கு எரியவில்லை என்று மின்வாரியத்துக்குப் போன் போட்டுத் திட்டு வாங்காத செயலாளர் அபூர்வம். இதைவிடச் சிக்கலானது நாறும் மழைநீர் வடிகால். யாரோ வீட்டுச் சாக்கடைக் குழாயை அதில் திருட்டுத்தனமாக இணைத்திருப்பார்கள். மாநகராட்சி, "அது சாக்கடைத் தண்ணி, குடிநீர் வாரியத்தைக் கேளுங்க" என்னும். வாரியம், "வடிகால் எங்களுது இல்லையே" என்னும். இருவரிடமும் தனித்தனியாக நடப்பதில் பயனில்லை. இரண்டு உதவிப் பொறியாளர்கள் பெயரையும் பெறுநராகப் போட்டு ஒரே கடிதமாகக் கூட்டு ஆய்வு கேளுங்கள். இருவரையும் ஒரே நேரத்தில் அந்த வடிகால் மேல் நிற்கவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மனு எழுதும் விதத்துக்கும் வருகிறேன். "எங்கள் பகுதியில் அடிப்படை வசதிகள் ஏதுமின்றி மக்கள் பெரும் அவதிக்குள்ளாகி வருகின்றனர்" என்று தொடங்கும் மனுவை எந்தப் பொறியாளரும் இரண்டாவது வரிக்கு மேல் படிக்க மாட்டார். ஒரு மனு, ஒரு பிரச்சினை, ஓர் இடம். "3ஆவது குறுக்குத் தெரு, 14ஆம் எண் வீட்டின் எதிரே மேன்ஹோல் மூடி உடைந்துள்ளது, படம் இணைப்பு" என்று எழுதினால் அவர் அதை அப்படியே கீழே அனுப்ப முடியும். தெருவிளக்கு என்றால் கம்பத்தின் எண். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். சென்னையில் 1913க்கு அழைத்தால் கிடைக்கும் புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். வேலை நடக்காமலே "புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருவதும் உண்டு. அப்போது கோபப்படாமல் அன்றைய தேதியிட்ட படத்தோடு மறுபடி பதியுங்கள். பழைய எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

மனு தூங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் தகவல் ஆணையம். "ஏன் இன்னும் சாலை போடவில்லை?" என்று கேட்டால் ஒருவரியில் தட்டிக்கழித்துவிடுவார்கள். சாலைப் பணிக்கான மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், உங்கள் மனுமீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்பின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். சட்டம் தருவது காகிதத்தை, விளக்கத்தை அல்ல.

சாலை என்றதும் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. சென்னையின் பழைய குடியிருப்புகளில் தெருவிலிருந்து இரண்டு படி இறங்கி வீட்டுக்குள் போகும் வாசல்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டும்போது அவை ஏறிப்போகும் படிகளாகத்தான் இருந்தன. தார்மேல் தார் ஊற்றி ஊற்றிச் சாலை உயர்ந்தது, மழைநீர் கூடத்துக்குள் வந்தது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். மில்லிங் என்ற சொல் அதற்குப் பிறகு இல்லத்தரசிகளுக்குக்கூடப் பழகிவிட்டது. ஆனால் உத்தரவு தானாக வந்து உங்கள் தெருவில் சுரண்டாது. வேலை தொடங்கும் முன்பே மதிப்பீட்டில் மில்லிங் இருக்கிறதா என்று கேளுங்கள். நாலைந்து வீட்டு வாசலில் சாலைக்கும் படிக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்து, அக்கம்பக்கத்தார் நிற்கப் படம் எடுத்துவையுங்கள். யார் வீட்டுக்காவது குடிநீர், சாக்கடை இணைப்பு பாக்கியிருந்தால் புதுச்சாலைக்கு முன்பே வெட்டி முடிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்ததாரர் பெரும்பாலும் இரவில்தான் வருவார். வண்டிகளை நகர்த்த ஆள் வேண்டும், நிற்கவும் ஆள் வேண்டும். மேன்ஹோல் மூடி புதுத்தளத்தோடு சமமாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். விடிந்தபின் கேட்டால் ரோலர் அடுத்த வார்டில் இருக்கும்.

இன்னொன்று பூங்கா இடம். லே-அவுட் வரைபடத்தில் பச்சையாக இருப்பதை வைத்து அது நம்முடையது என்று நம்பிக்கொண்டிருக்கும் நகர்கள் எத்தனையோ. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எழுதிக் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி. அங்கீகரித்த வரைபடத்தின் நகலையும் அந்த இடத்தின் வில்லங்கச் சான்றையும் வாங்கிப் பாருங்கள். பத்திரம் இல்லையென்றால் மனை விற்றவரின் வாரிசு ஒருநாள் வேலி போட வருவார். அன்று தெருவே கூடிக் கத்துவதைவிட இன்று ஒரு சான்றுக்குக் கட்டணம் கட்டுவது மலிவு.

அலுவலகங்களுக்குப் பகலில் யார் போவது? ஓய்வுபெற்றவர்கள். சங்கக் கூட்டங்களில் அவர்கள் அதிகம் பேசுகிறார்கள் என்று இளையவர்கள் சலித்துக்கொள்வார்கள். ஆனால் உங்கள் தெருவிலேயே மின்வாரியத்தில் வேலை பார்த்த மாமா ஒருவரும், தாலுகா அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த அம்மா ஒருவரும் இருப்பார்கள். கோப்பு எப்படி நகரும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு உங்களுக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு துறையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு நீங்கள் கடிதம் தட்டச்சு செய்யுங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் வேலைக்குப் போகும் பெண்களையும் விட்டுவிடாதீர்கள். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு நின்றது என்று சரியாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். துணை விதியில் வாடகைதாரருக்கு இடமில்லையென்றால் அழைப்பாளராகவாவது கூப்பிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்துக்கும் அரசியலுக்கும் தனிக் குரூப் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சங்கக் குரூப்பில் அட்மின்கள் மட்டும் பதிவிடும்படி அமைப்பை மாற்றிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

மீதிச் சண்டை நாய்களைப் பற்றியது. தெருநாயைப் பிடித்து வேறெங்காவது விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டால் அது செல்லாது. 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் இதற்கு விலக்கு என்றும், கண்ட இடத்தில் சோறு வைக்காமல் அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் சொன்னது. ஆகவே செயலாளர் செய்யக்கூடியது இரண்டுதான். கருத்தடை வண்டியை வரவழைப்பது ஒன்று. சோறு போடும் அக்காவையும் எதிர்க்கும் சாரையும் உட்காரவைத்து, குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு அப்பால் ஓர் இடத்தை முடிவு செய்து உள்ளாட்சிக்கு எழுதுவது மற்றொன்று. பார்க்கிங் தகராறிலும் நடுவராக இருங்கள், போலீஸாக மாறாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கார் டயரில் காற்றைப் பிடுங்கச் சங்கத்துக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை.

பணத்துக்கு வருவோம். 1989இல் சென்னையில் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா அமைப்பு, தெருவுக்கு ஒரு மூன்று சக்கர வண்டி, ஓர் ஆள், வீட்டுக்கு மாதச் சந்தா என்று வைத்துக் குப்பையை வாசலிலேயே வாங்கவைத்தது. ஜனங்கள் காசு கொடுத்ததற்குக் காரணம், காசு எங்கே போகிறது என்பது காலையில் மணியடித்துக்கொண்டு வாசலுக்கே வந்ததுதான் என்று நினைக்கிறேன். உங்கள் சந்தாவும் அப்படிக் கண்ணில் பட வேண்டும். ரொக்கம் வாங்காதீர்கள், வாங்கினால் அங்கேயே ரசீது. காசோலையில் இருவர் கையெழுத்து. மாதக் கணக்கை ஒரே பக்கமாகக் குரூப்பில் போடுங்கள், தராதவர் பெயரை மட்டும் போடாதீர்கள். அவமானப்பட்டவர் அதற்கப்புறம் ஒருநாளும் தர மாட்டார். பூங்கா, நடைபாதை போன்ற பெரிய வேலைக்கு நமக்கு நாமே திட்டத்தைப் பாருங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு போடும்.

கவுன்சிலரைப் பகைக்கவும் வேண்டாம், பல்லக்கில் தூக்கவும் வேண்டாம். 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் நடந்தபின் பகுதி சபைகளும் வார்டு குழுக்களும் விதியாகவே வந்திருக்கின்றன. சபை கூடும்போது ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போய்ப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். தேர்தல் நேரத்தில் சங்கத்தின் லெட்டர்பேடைப் பூட்டிவையுங்கள்.

உங்கள் உத்தியோகத்துக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்பது தவறில்லை. பயோடேட்டாவின் கடைசி வரியில் "சமூக சேவையில் ஆர்வம்" என்று போட்டு இதை வீணாக்காதீர்கள். எத்தனை வீடுகள், ஆண்டுக்கு எவ்வளவு வரவு செலவு, எந்தெந்தத் துறைகளோடு பேசி எந்த வேலையை முடித்தீர்கள் என்று எழுதுங்கள். சம்பளம் கொடுக்காமல், பணிநீக்கமும் செய்ய முடியாத மனிதர்களிடம் வேலை வாங்கிய அனுபவம் பல மேலாளர்களுக்குக் கிடையாது. நேர்காணலில் அதைச் சொன்னால் எதிரில் இருப்பவரும் ஏதாவதொரு நகரின் சங்கத்தில் அடிபட்டவராகத்தான் இருப்பார்.

பதவிக்காலம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே அடுத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல், புகார் எண்களின் பட்டியல், பொறியாளர்களின் பெயர்கள், பீரோ சாவி எல்லாவற்றையும் பட்டியலிட்டு இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வங்கியில் கையெழுத்து மாற்றுவதற்குப் பொதுக்குழுத் தீர்மானத்தின் நகலும் புதியவர்களின் அடையாள ஆவணங்களும் கேட்பார்கள், ஒருமுறைக்கு மேல் அலையவைப்பார்கள். அது முடியும்வரை வாட்ச்மேன் சம்பளக் காசோலையில் உங்கள் கையெழுத்துதான் வேண்டும் என்பதால், வெளியூர்ப் பயணம் ஏதாவது இருந்தால் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.