ஒரு கைத்தொலைபேசியும் முப்பது பிள்ளைகளும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நோய்த்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, நம் ஆசிரியர்கள் பலர் கைத்தொலைபேசியையே வகுப்பறையாக்கினர். பாடசாலைகள் திறந்து ஆண்டுகள் சென்றும் அந்த வட்ஸ்அப் குழுக்கள் பல இன்னும் கலையவில்லை. வினாத்தாள் படமாக வருகிறது. பிள்ளை கொப்பியில் எழுதி, அதையும் படமெடுத்து அனுப்புகிறது. பெருவிரல் உயர்த்திய அடையாளமொன்று திரும்பி வருகிறது. அன்பான ஆசிரியரே, இதைக் கற்பித்தல் என்பதிலும் தபாற்சேவை என்பதே பொருத்தம் அல்லவா?

கருவியற்ற பிள்ளை அந்நாட்களில் என்ன செய்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அயல்வீட்டு விறாந்தையில் காத்திருந்தது. அல்லது பேசாமல் விட்டுவிட்டது. அந்தப் பிள்ளையை மனத்திலிருத்திக்கொண்டே இவ்வாரப் பாடத்தை வாசியுங்கள்.

இத்தாலி நாட்டில், புளோரன்ஸ் நகருக்கு வடக்கேயுள்ள மலைப்பகுதியில் பார்பியானா என்றொரு சிற்றூர் உண்டு. 1954ஆம் ஆண்டின் இறுதியில் லொறன்சோ மிலானி என்னும் இளங்குரு அங்கு பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டார். மின்சாரமில்லை, ஒழுங்கான பாதையில்லை. குடியானவர்களின் பிள்ளைகளோ அரசாங்கப் பாடசாலைகளில் சித்தியெய்தாமல் விலக்கப்பட்டவர்கள். அடிகளார் தமது பங்குமனையிலேயே அவர்களுக்குப் பள்ளி நடத்தினார். ஆண்டு முழுவதும் விடுமுறையற்ற பள்ளி அது! (இதை மட்டும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லாதிருப்பது நலம்.)

1963இல் மாரியோ லோதி என்ற ஆசிரியர் அங்கு வந்தார். தொலைவிலுள்ள தமது மாணவர்களுக்கும் பார்பியானா மாணவர்களுக்கும் இடையே கடிதத் தொடர்பை ஏற்படுத்தினார். ஊரும் வாழ்வும் வேறான பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்ததால், அனைவரும் கூடி ஒரே கடிதத்தை எழுதும் முறை பார்பியானாவில் பிறந்தது. ஒவ்வொருவரும் சட்டைப்பையில் ஒரு சிறு கொப்பி வைத்திருப்பர். தோன்றும் கருத்துகளைத் தனித்தனித் தாள்களில், ஒரு பக்கம் மாத்திரம் எழுதுவர். பின்பு எல்லாத் தாள்களையும் பெரிய மேசையிற் பரப்பி, இரட்டித்தவற்றை நீக்கி, இனம் சேர்த்து, வரிசைப்படுத்துவர். தேவையற்ற சொற்களை வெட்டுவர். முடிவில் வெளியாரை அழைத்து வாசித்துக் காட்டுவர். அதிகம் படியாதவர்களாயின் மிக நன்று. அவர்களுக்கு விளங்காத வரி திருத்தப்படும். இம்முறையில் மாணவர்கள் எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூல் 1967இல் வெளியாகி, இத்தாலியக் கல்வியுலகையே உலுக்கியது. அதே ஆண்டு ஜூன் மாதம் 26ஆந் திகதி அடிகளார் 44ஆவது வயதில் காலமானார். ஐம்பது ஆண்டுகளின் பின், 2017இல், பாப்பரசர் பிரான்சிஸ் அவரது கல்லறைக்குச் சென்று செபித்தார்.

இதற்கும் கணனிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? பரீட்சைக் கட்டுரையை வாசிப்பவருக்கு விடை முன்பே தெரியும். தெரிந்தவருக்கே தெரிந்ததைச் சொல்லும் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. உண்மையாகவே அறியாத ஒரு வாசகரை அப்பிள்ளைக்குத் தேடிக் கொடுப்பதுதான் வகுப்பு வலைப்பதிவின் பயன். மிலானி அடிகளாரின் பிள்ளைகளுக்குத் தபால் செய்ததை, ஆசிரியரிடமுள்ள ஒரேயொரு கைத்தொலைபேசி இன்று செய்யும். முப்பது கருவிகள் வேண்டியதில்லை. மேசைமேல் தாள்கள் பரப்பப்படும்போது, வீட்டிற் கருவியுள்ள பிள்ளையின் தாளும் இல்லாத பிள்ளையின் தாளும் ஒன்றுபோலவே கிடக்கும்.

மன்னார்க் கரையிலுள்ள ஒரு வகுப்பும் ஹற்றன் பகுதித் தோட்டமொன்றிலுள்ள வகுப்பும் இவ்வாறு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மன்னார்ப் பிள்ளைகள் கரைவலை பற்றிப் பாட்டனாரிடம் கேட்டு எழுதுகிறார்கள். "மடி என்றால் என்ன? வலையில் அது எங்கே இருக்கும்?" என்று மலையிலிருந்து கேள்வி வருகிறது. தெரிந்ததாக நினைத்த சொல்லை விளக்க முடியாமல் பிள்ளைகள் மறுபடியும் கரைக்கு ஓடவேண்டும், படமும் வரையவேண்டும். பின்பு மலையகப் பிள்ளைகள் கொழுந்து நிறுவை பற்றி எழுத, "அரைப்பேர் என்றால் என்ன?" என்று கரையிலிருந்து கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை எழுத அப்பிள்ளை தன் தாயிடம் போய் அவளுடைய நாட்சம்பளத்தைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கும். எந்தப் பாடநூலிலும் இத்தகைய அப்பியாசத்தைக் காண்பது அரிது.

இன்று செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம் கேட்டால் கரைவலை பற்றி நொடியில் ஒரு கட்டுரை தரும். அதில் பாட்டனார் சொன்னது இராது. 2025 சனவரியில் உரோமாபுரி இப்பொறிகளைக் குறித்து வெளியிட்ட ஆவணமும், ஆசிரியர் மாணவர் முன் நேரில் நிற்பதால் உண்டாகும் உறவை எந்தப் பொறியும் ஈடுசெய்யாது என்றே கூறுகிறது. ஆகையால் கட்டுரை தாளிலும் மேசையிலும் முடிந்த பின்னரே கைத்தொலைபேசியை எடுங்கள்.

தட்டச்சுப் பற்றி ஒரு சொல். நம் பாடசாலைக் கணனிகள் பலவற்றில் பாமினி எழுத்துருவிலேயே தட்டிப் பழகியிருக்கிறோம். அதனை அப்படியே இணையத்தில் ஏற்றினால் வாசிப்பவருக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். ஒருங்குறிக்கு மாற்றியே ஏற்றவேண்டும். கைத்தொலைபேசியின் தமிழ் விசைப்பலகையில் தட்டினால் இத்தொல்லை இல்லை.

பாதுகாப்பு விடயத்தில் தளர்வு வேண்டாம். அதிபரின் அனுமதியும் பெற்றாரின் எழுத்துமூலச் சம்மதமும் முதலிற் பெறுக. பிள்ளைகளின் முழுப்பெயரையோ நிழற்படத்தையோ வெளியிடாதீர்கள். 'தரம் 8 மாணவர்' என்பது போதும். வரும் கருத்துகள் நீங்கள் பார்த்த பின்னரே வெளியாகும்படி அமைக்கலாம். அழைக்கப்பட்டவர் மாத்திரம் வாசிக்கும்படியும் பூட்டிவைக்கலாம். ஆரம்பத்தில் இரு வகுப்புகளுக்கும் அதுவே தகும்.

இணையக் கட்டணத்தை ஆசிரியர் தலையிற் கட்டுவது நியாயமன்று. மாதத்தில் இரண்டு கட்டுரை ஏற்றுவதற்குப் பெருந்தொகை தேவைப்படாது; பழைய மாணவர் சங்கமோ பங்குச்சபையோ அதனை ஏற்றுக்கொள்ளலாம். தவணை தொடங்கும் வாரத்திலேயே மற்றப் பாடசாலை ஆசிரியருடன் பேசி நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிலுக்காகக் காத்திருந்து ஏமாந்த வகுப்பை இரண்டாம் முறை எழுதவைப்பது கடினம்.