வேர்ச்சுவல் மெஷின் ஸ்டார்ட் ஆகுதில்லையோ? அழிக்க முதல் இதை வாசியுங்கோ

அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் கொலேஜ் அஹுன்ட்சிக், புவா-த-புலோன் எண்டு இரண்டு செஜெப் இருக்கு. இரண்டிலும் கணினிப் படிப்பு உண்டு. அந்தப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது: “அண்ணை, லப்டொப்பை டெபியன் 12இல இருந்து 13க்கு மாத்தினன். விர்ச்சுவல்பாக்ஸில இருந்த மெஷின் இப்ப ஸ்டார்ட் ஆகுதில்லை. வெள்ளிக்கிழமை ப்ராஜெக்ட் குடுக்கவேணும். அழிச்சிட்டுப் புதுசாச் செய்யட்டோ?”

வேண்டாம் தம்பி. மெஷின் எழும்பாட்டிலும் உங்கட வேலை விடிஐ எண்டு முடியிற கோப்புக்குள்ள பத்திரமாத்தான் இருக்கும். ‘ரிமூவ்’ அமத்தினால் கோப்புகளையும் அழிக்கட்டோ எண்டு கேட்கும். அவசரத்தில ஓம் எண்டால் ப்ராஜெக்ட்டும் போச்சு. முதல் மெஷினின்ட ஃபோல்டர் முழுதையும் வேற டிரைவுக்குக் கொப்பி பண்ணுங்கோ. (ஃபாட்32 யூஎஸ்பி சரிவராது, 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது.)

இப்ப எரர் பெட்டியை மூடாமல் வாசியுங்கோ. இன்டெல் ப்ராசஸர் எண்டால் ‘விஎம்எக்ஸ் ரூட் மோட்’ எண்டும், ஏஎம்டி எண்டால் ‘எஸ்விஎம் இன் யூஸ்’ எண்டும் வரும். இரண்டுக்கும் கருத்து ஒண்டுதான்: ப்ராசஸரில உள்ள வேர்ச்சுவலைசேஷன் வசதியை வேற ஆரோ பிடிச்சு வச்சிருக்கினம்.

அந்த ஆள் கேவிஎம். 2007இல லினக்ஸ் 2.6.20ஓட கேர்னலுக்குள்ள வந்தது. கலியாண ஹோல் மாதிரி யோசியுங்கோ. முந்தி கேவிஎம், தன்ட விசேஷம் தொடங்கேக்கதான் திறப்பை வாங்கும். 2024 நவம்பரில வந்த லினக்ஸ் 6.12இல இருந்து, மொட்யூல் லோட் ஆன உடனேயே திறப்பை வாங்கி வச்சிருக்கும். முதல் மெஷின் தொடங்கேக்க வாற தாமதத்தைக் குறைக்கிறது இதுக்கு ஒரு காரணம். டெபியன் 12இல இருந்தது கேர்னல் 6.1, 13இல 6.12. அதாலதான் நேற்றுவரை ஓடினது இண்டைக்கு ஓடேல்லை.

கேர்னலைத் திரும்பக் கொம்பைல் பண்ணச் சொல்லியும் அந்த எரர் சொல்லும். பயப்பட வேண்டாம், அது தேவையில்லை.

உடனடி வழி, டெர்மினலில ஒரு வரி: சூடோ, மொட்ப்ரோப், மைனஸ் ஆர், கேவிஎம் அண்டர்ஸ்கோர் இன்டெல். ஏஎம்டி எண்டால் கடைசிச் சொல்லை மாத்துங்கோ. ‘மொட்யூல் இன் யூஸ்’ எண்டு மறுத்தால், ஆண்ட்ராய்ட் எமுலேட்டர் மாதிரி ஏதோ கேவிஎம்மில ஓடிக்கொண்டிருக்கு. அதை மூடிப்போட்டுத் திரும்ப அடியுங்கோ. வெள்ளிக்கிழமைக்கு இது காணும், ஆனால் ரீபூட் பண்ணினால் பழையபடி வந்திடும்.

நிரந்தரமா வேணுமெண்டால் க்ரப் அமைப்புக் கோப்பில, ‘குவையட்’ எண்டு இருக்கிற வரியில, அதே மேற்கோள் குறிக்குள்ள இதைச் சேருங்கோ: கேவிஎம், புள்ளி, பிறகு எனேபிள், வெர்ட், அட், லோட் எண்ட நாலு சொல்லும் அண்டர்ஸ்கோரால இணைச்சு, கடைசியில சமன் 0. பிறகு சூடோ அப்டேட்-க்ரப், ஒரு ரீபூட்.

எரரில மைனஸ் 1908 எண்டு வந்தால் கதை வேற. விர்ச்சுவல்பாக்ஸின்ட மொட்யூல் புதுக் கேர்னலுக்குக் கட்டுப்படேல்லை, அல்லது செக்யூர் பூட் அதை மறிக்குது. கேர்னல் ஹெடர்ஸ் இருக்கோ எண்டு முதல் பாருங்கோ.

க்ரப்பை மாத்தினாலும் கேவிஎம் மெஷின்கள் ஓடும். விர்ச்சுவல்பாக்ஸோட ஒரே நேரத்தில மட்டும் ஓடாது.