பெட்டியில் உறங்கும் ஆடைகள்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் முன்னோர் வழங்கிவந்த முதுமொழி. உண்ண உணவும் இருக்க இடமும் போலவே உடுக்க உடையும் மனிதனுக்கு இன்றியமையாதது என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், உடுத்தப்படாமலேயே பெட்டியிலும் அலமாரியிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்ற உடை யாருக்கு இன்றியமையாதது? இவ்வினாவை மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் நம்மோடு சேர்ந்து சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும் என்னும் விருப்பத்தினால் இக்கட்டுரையை வரைகின்றோம்.

தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரு குடும்பத்தின் துணிமணிகள் யாவும் ஒரே தகரப் பெட்டிக்குள் அடங்கியிருந்த காலம் ஒன்று உண்டு. தீபாவளிக்கு எடுத்த சட்டை அடுத்த ஆண்டில் வீட்டுச் சட்டையாகும். அதற்கடுத்த ஆண்டில் அதுவே மரம் சீவப் போகும்போது போட்டுக்கொள்ளும் சட்டையாகும். பால் பட்டு இறுகிய கறை எவ்வளவு சவர்க்காரம் தேய்த்தாலும் போகாதாகையால், பழைய துணியே காட்டு வேலைக்கு ஏற்றது என்று கண்டிருந்தனர். பாட்டியின் பழஞ்சேலை ஆயாக் கொட்டகையில் பேரப்பிள்ளைக்குத் தூளியாகும். கிழிந்த வேட்டி பச்சிளங் குழந்தைக்கு அணையாடையாகும். எஞ்சிய துண்டு அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் கரித்துணியாகும். இவ்வாறு நூல் நூலாகப் பிரியும்வரை ஒரு துணி உழைத்தது. இது சிக்கனத்தினால் மட்டும் வந்த பழக்கமன்று, வேறு வழியின்மையால் வந்ததுமாகும். வறுமையை நாம் பெருமையாகப் பேச வேண்டியதில்லை. எனினும், அன்றைய தாய்மார்களுக்குத் தம் பெட்டியில் என்ன இருக்கின்றது என்பது தெரிந்திருந்தது. இன்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1941-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இரு வேதியியலறிஞர்கள் பாலியெஸ்டர் இழைக்கு உரிமம் பெற்றனர். கல்லெண்ணெயிலிருந்து பிறக்கும் அவ்விழை, பருத்தியைப்போல் வயலையும் மழையையும் எதிர்பார்ப்பதில்லை. நாளடைவில் துணி மலிவாயிற்று. இரவுச் சந்தையிலும் கைப்பேசியிலும் உடை வாங்குவது கறிகாய் வாங்குவதைப்போல் எளிதாகிவிட்டது. அலமாரிக் கதவைத் திறந்தால் துணி சரிந்து காலில் விழுகின்றது. ஆயினும், "உடுத்த ஒன்றுமில்லையே!" என்னும் குரலும் அவ்வீட்டிலிருந்தே கேட்கின்றது.

உடைகள் உடுத்தப்படாமல் தேங்குவதற்குக் காரணங்கள் பல. அளவு மாறுதல் ஒன்று. மலிவு கண்டு வாங்கியபின் மனத்திற்குப் பிடிக்காமற்போதல் மற்றொன்று. இவற்றைவிட நாம் நின்று பேச வேண்டியது, 'நல்ல நாளுக்கு ஆகும்' என்று எடுத்து வைக்கும் வழக்கத்தைத்தான். உழைத்துச் சேர்த்த காசில் வாங்கிய நல்ல உடையை அன்றாடம் உடுத்தி அழிக்க மனம் வருவதில்லை. இது நன்மனத்தில் பிறந்த எண்ணமே. ஆனால், பிள்ளைகளின் உடம்பு அந்த நல்ல நாளுக்காகக் காத்திருப்பதில்லை. தொடக்கப்பள்ளிப் பருவத்துக் குழந்தை ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 5 அல்லது 6 சென்டிமீட்டர் வளர்கின்றது. தீபாவளியன்று ஒரு முறை, உறவினர் திருமணத்தன்று ஒரு முறை உடுத்திய பட்டுப்பாவாடை, மூன்றாம் முறை எடுக்கும்போது கணுக்காலுக்குமேல் ஏறி நிற்கின்றது. குழந்தை ஆசைப்பட்ட நாளிலெல்லாம் உடுத்த விடாமல் காத்த உடை, முடிவில் யாருக்கும் இல்லாமற் போகின்றது.

மாணவர்கள் இதைக் கணிதப் பாடத்தின் வழியாகவே கண்டறியலாம். 60 வெள்ளிக்கு வாங்கிய விழா உடையை இரண்டு முறை மட்டும் உடுத்தினால், ஒரு முறை உடுத்தியதன் விலை 30 வெள்ளி. 24 வெள்ளிக்கு வாங்கிய பள்ளிச் சட்டையை 96 நாள் உடுத்தினால், ஒரு நாளைய விலை 25 காசு. எது விலை மலிந்த உடை? உங்கள் வீட்டிலுள்ள ஐந்து உடைகளுக்கு இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

உடுத்தாமல் வைத்தால் துணி கெடாது என்று எண்ணுவதும் தவறு. நமது நாடு ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடு. காற்றுப் புகாத பெட்டிக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பூக்கின்றது. கஞ்சி போட்ட பருத்தித் துணியை வெள்ளிப்பூச்சி தேடி வருகின்றது, மாவுச்சத்து அதற்கு உணவாகலின். பட்டும் கம்பளியும் புரதத்தாலானவை. அவற்றை அந்துப்பூச்சியின் புழு அரிக்கின்றது. பட்டுச் சேலையின் வெள்ளிச் சரிகை காற்றுப் பட்டுக் கறுக்கின்றது. ஒரே மடிப்பில் பல ஆண்டு கிடந்த பட்டு, மடிப்பு வழியே விரிசல் காண்கின்றது. இடுப்பிலுள்ள ரப்பர் நாடா தொய்ந்துவிடுகின்றது. ஆகவே, இன்று கொடுத்தால் ஒருவருக்குப் பயன்படக்கூடிய உடை, பத்தாண்டு கழித்துக் கொடுக்கும்போது குப்பையாகவே சென்று சேரும்.

புறநானூற்றின் 189-ஆம் பாடலில் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், உலகாளும் மன்னனுக்கும் காட்டில் அலையும் வேடனுக்கும் உண்மையில் வேண்டிய உணவும் உடையும் ஒரே அளவினவே என்று எடுத்துக்காட்டி, பிறர்க்குக் கொடுப்பதற்கே பொருள் என்னும் கருத்தை நிலைநாட்டுகின்றார். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை நாம் பாடநூலில் படித்திருக்கின்றோம். மயில் அதனை உடுத்தாது என்று அறிந்தும் அவன் கொடுத்தான் எனப் பரணர் அவனைப் புகழ்கின்றார். பேகனின் கருணையைப் போற்றும் நாம், அவன் முறையை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை என்பது எம் கருத்து. பெறுபவருக்கு உதவாததைக் கொடுத்தால், அவர் அதைச் சுமந்து திரிய நேரிடும். எனினும், பேகன் கொடுத்தது தான் போர்த்தியிருந்த நல்ல போர்வை. கந்தலானதைத் தேடி எடுத்துக் கொடுக்கவில்லை.

கொடுப்பதில் பெறுபவரின் மானமும் அடங்கியுள்ளது என்பதற்கு வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைக் காட்டலாம். 1921-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள், பம்பாயில் காந்தியடிகள் முன்னிலையில் அயல்நாட்டுத் துணிகள் மலைபோல் குவித்து எரிக்கப்பட்டன. அவருடைய நண்பர் ஆண்டுரூசு, துணியை எரிப்பது தம் மனத்தை வருத்துவதாக எழுதினார். உடுக்க உடையில்லாத ஏழைகளுக்கு அவற்றைக் கொடுத்துவிடலாமே என்னும் கேள்வியும் எழுந்தது. நாம் உடுத்த வெட்கப்படுவதை ஏழைக்கு மட்டும் கொடுக்கலாமோ, அவனுக்கும் தன்மானம் இல்லையோ என்னும் கருத்துப்பட அடிகள் 'யங் இந்தியா' இதழில் விடையிறுத்தார். எரித்தது சரியா என்பதில் அன்றும் கருத்து வேற்றுமை இருந்தது, இன்றும் இருக்கலாம். ஆனால் அவ்விடையின் உட்பொருளை மறுப்பது அரிது. அதே ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், மதுரையில் தங்கியிருந்தபோது, கதர் வாங்கவும் வசதியற்ற மக்களை எண்ணி, அவர் தம் உடையை அரையாடையாகக் குறைத்துக்கொண்டார்.

நம் காலத்தில் இக்கருத்தைச் செயலாக்கிக் காட்டியவர் அன்சு குப்தா. அவர் 1999-இல் டில்லியில் தொடங்கிய 'கூஞ்ச்' என்னும் அமைப்பு நகரத்து வீடுகளின் பழைய உடைகளைத் திரட்டி, தரம் பிரித்து, சிற்றூர்களுக்கு அனுப்புகின்றது. ஊர் மக்கள் தங்கள் ஊருக்கென்று கிணறு தூர்வாருதல், பாதை அமைத்தல் முதலிய பணிகளைச் செய்து, அவ்வுழைப்பிற்கு ஈடாக உடையைப் பெறுகின்றனர். கையேந்தி வாங்கும் நிலை அங்கில்லை. 2015-இல் அவருக்கு ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது.

எல்லாப் பழந்துணியும் இவ்வாறு நல்வழி சேர்வதில்லை. சேகரிப்புத் தொட்டிகளில் போடப்படும் உடைகளிற் பல பொதிகளாகக் கட்டப்பட்டுக் கடல் கடந்து விற்பனைக்குப் போகின்றன. நம் ஊர்ப் 'பண்டல்' கடைகளில் தொங்கும் சட்டைகளும் அவ்வாறு பிற நாடுகளிலிருந்து வந்தவையே. கானா நாட்டின் அக்ரா நகரிலுள்ள கந்தமாண்டோ சந்தை இவ்வணிகத்திற்குப் பேர்போனது. வந்திறங்கும் பொதிகளில் விற்க இயலாத கழிவு அந்நகருக்குப் பெருஞ்சுமையாகியுள்ளது. சிலி நாட்டின் அட்டகாமாப் பாலைவனத்தில் யாரும் வாங்காத உடைகள் மணல்மேடுகளோடு மேடாகக் குவிந்து கிடந்த காட்சியை உலகம் கண்டது. கிழிந்ததையும் கறைபட்டதையும் 'தருமம்' என்று மூட்டை கட்டிவிட்டால், நம் குப்பையை வேறொருவர் வாசலில் கொட்டியவர்களாவோம்.

ஆகவே, வகை பிரிப்பதை வீட்டிலேயே செய்ய வேண்டும். பள்ளி விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். அலமாரியை முழுவதும் காலி செய்து, உடைகளைப் பாயில் பரப்புங்கள். கடந்த தீபாவளியிலிருந்து இன்றுவரை ஒருமுறையேனும் உடுத்தியவற்றைத் தனியே எடுத்து அடுக்குங்கள். எஞ்சியவற்றைப் போட்டுப் பாருங்கள். கைக்குள் நுழையாத சட்டையோடு வாதாடிப் பயனில்லை. ஐயமுள்ளவற்றை ஒரு பெட்டியிலிட்டு, மேலே நாளை எழுதி வையுங்கள். ஆறு திங்களில் யாரும் தேடாவிடில் அவையும் போகலாம். பிள்ளைகளின் உடையைப் பிள்ளைகளைக் கேட்காமல் கொடுத்துவிடுவது முறையன்று என்பதையும் பெற்றோருக்குச் சொல்லிவிடுகின்றோம்.

கொடுக்கத் தக்கவற்றைத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, அறுந்த பொத்தானைத் தைத்து, மடித்துக் கொடுக்க வேண்டும். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னவர்கள் நம் முன்னோர். கிழிந்த பருத்தித் துணி நீரை உறிஞ்சுமாகையால் துடைப்பதற்கு நன்று. பாலியெஸ்டர் அதற்கு உதவாது. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓட்டுத்தையல் போட்டுக் 'காந்தா' என்னும் போர்வை தைப்பர். நம் வீட்டுத் தையற்பொறியிலும் அதைச் செய்து பார்க்கலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. அந்துருண்டை போட்டு வைத்த பழைய குழந்தைச் சட்டைகளையும் போர்வைகளையும் பிறந்த குழந்தைக்கு அப்படியே உடுத்தக் கூடாது. அவ்வுருண்டையிலுள்ள நாப்தலின், 'ஜி6பிடி' என்னும் நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சட்காமாலையை உண்டாக்கும். இக்குறைபாடு நம் நாட்டில் காணப்படுவதாகையாலேயே மருத்துவமனைகளில் பிறந்தவுடன் அதற்கான சோதனை செய்கின்றனர். குழந்தைத் துணி வைக்கும் பெட்டியில் அந்துருண்டையே வேண்டாம்.

மறைந்தவர்களின் உடைகளைப் பற்றி ஒரு சொல். தாயின் சேலையை மடித்து வைத்திருக்கும் மகளிடம், அது பயன்படாத துணி என்று யாரும் கணக்குப் பேச வேண்டாம். அவள் விரும்பும் ஒன்றிரண்டை அவள் வைத்துக்கொள்ளட்டும். மற்றவற்றைக் கொடுக்கும் நாளை அவளே குறிக்கட்டும். அதற்கு ஓராண்டு ஆனாலும் குற்றமில்லை.

இறுதியாக, பள்ளிச் சீருடை. ஆறாம் ஆண்டு முடிக்கும் மாணவனின் கருநீலக் காற்சட்டை இடைநிலைப்பள்ளிக்கு உதவாது. அங்குப் பச்சை நிறக் காற்சட்டை வேண்டும். மாணவியின் கருநீலப் பினோபோரமும் அவ்வாறே. பாதி தேய்வதற்குமுன் நின்றுபோகும் இவ்வுடைகளுக்கு அடுத்த வீட்டிலேயே தேவை இருக்கக்கூடும். இரண்டு மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தொழிலாளர் குடும்பத்திற்கு ஆண்டுத் தொடக்கத்துச் செலவு எவ்வளவு என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. பெயர்ப்பட்டையைப் பிரித்தெடுத்து, கீழ்மடிப்பைப் பிரித்துவிட்டு, இடுப்பளவையும் நீளத்தையும் ஒரு தாளில் எழுதி ஊசியால் குத்திக் கொடுங்கள். பெறும் பிள்ளை தன் அளவுக்குத் தைத்துக்கொள்ள அது உதவும்.