மிஷனரிக் குடும்பங்களின் தமிழ்க் கல்வியில் எழுத்தின் இடம்

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்குச் சமயப் பணிக்காக வந்து தங்கும் அயல்நாட்டுக் குடும்பங்கள் தமிழ் கற்கையில் செய்யும் தவறுகளுள் பேரிழப்பைத் தருவது, பேசுவதற்கு எழுத்து தேவையில்லை என்று கருதித் தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்வதாகும். அரியலூர்ப் பகுதியில் அத்தகைய குடும்பம் ஒன்றுக்குத் தமிழ் கற்பித்த இக்கட்டுரையாசிரியர் அம்முறை வேண்டாம் என்று தொடக்கத்திலேயே எடுத்துரைத்தார். ஆனால் அக்குடும்பத்தை அனுப்பிய அமைப்பின் மொழிப்பயிற்சி ஆலோசகர், உள்ளூர் ஆசிரியரின் சொல்லைப் பொருட்படுத்தாமல், எழுத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தார். அதனால் வீணான காலத்தை எந்தப் பயிற்சியாலும் மீட்க இயலவில்லை.

இழப்பின் காரணம் மொழியின் அமைப்பிலேயே உள்ளது. உரோமன் எழுத்தில் விரைந்து குறிப்பெடுப்போர் ந, ன, ண மூன்றையும் ஒரே எழுத்தாலும், ல, ள இரண்டையும் ஒரே எழுத்தாலும், குறிலையும் நெடிலையும் வேறுபாடின்றியும் எழுதிவிடுவதால், கண் பிரித்துப் பார்க்காத ஒலியை நாவும் பிரிப்பதில்லை. மேலும், தமிழில் வல்லின எழுத்தின் ஒலி அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது: ககரம் சொல்லின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் வன்மையாகவும், மெல்லினத்தின் பின் அதிர்வுடனும், உயிர்களுக்கிடையே மென்மையாகவும் ஒலிக்கும். தமிழ் எழுத்தில் படிப்பவருக்கு ஒரே விதியாகத் தெரியும் இது, உரோமன் எழுத்தில் படிப்பவருக்குத் தொடர்பற்ற பல ஒலிகளாகிவிடுகிறது. ஓராண்டுக்குப் பின்னும் அக்குடும்பத்தார் மனப்பாடம் செய்த வாக்கியங்களைத் தாண்டிப் பேச இயலாமல், கடைவீதியிலும் ஆலயத்திலும் பிறர் முகம் பார்த்துத் தயங்கி நின்றமைக்கு இதுவே காரணம். அவர்களுடைய அறிவுக்குறைவு அன்று.

இம்மண்ணிலேயே இதற்கு மாறான முன்மாதிரி உண்டு. 1680-இல் இத்தாலியில் பிறந்து, கொள்ளிடத்திற்கு வடக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள ஏலாக்குறிச்சியில் பணியாற்றி, அதனைத் திருக்காவலூர் என்று போற்றிய வீரமாமுனிவர், 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியையும், 1732-இல் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக அமைந்த சதுரகராதியையும் இயற்றியவர். அவர் காலத்தில் எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெற வேண்டும் என்னும் பழைய மரபு இருந்தும், ஓலையில் எழுதுவோர் அப்புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டமையால், குறிலும் நெடிலும் ஒன்றுபோலத் தோன்றின. அந்த இடர்ப்பாட்டைக் கண்ட அவர் தமிழ் எழுத்தைக் கைவிட்டுத் தம் நாட்டு எழுத்தை நாடாமல், நெடில்களுக்குத் தனி வடிவம் வகுத்தார். இன்றைய ஏகார, ஓகார வடிவங்களும் இரட்டைக்கொம்பும் அவ்வழி வந்தவை என்பர். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கும் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகியவரே.

தமிழ் எழுத்துகள் 247 என்று கேட்டவுடன் மலைத்துப் பின்வாங்குவதற்கு நியாயமில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று ஆகியவற்றோடு உயிர்க்குறிகளை அறிந்துகொண்டால், உயிர்மெய் 216-இல் பெரும்பாலானவை தாமே விளங்கும். உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் கூடுதல் பயிற்சி வேண்டும். மேற்கூறிய குடும்பத்தில் முதலில் தேறியவர், பயிற்சிக்குப் பெயர் கொடுக்கப்பட்ட கணவர் அல்லர். பள்ளியில் சேர்ந்த பிள்ளையின் ஒன்றாம் வகுப்புப் பாடநூலைப் பிள்ளையுடனேயே எழுதிப் படித்த தாய். பேருந்துப் பலகையையும் கடைப்பெயரையும் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கிய பிறகு அவருடைய உச்சரிப்பு திருந்தியது. அதைக் கண்ட கணவரும் உரோமன் குறிப்பேட்டை ஒதுக்கிவைத்தார். எழுத்தை முதலில் கற்பதே சரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஏனைய படிகள் பலரும் அறிந்தவை: நாள்தோறும் உரத்துப் படித்தல், கேட்ட சொல்லை அன்றே எழுதுதல், பிழையைத் திருத்துமாறு அண்டை வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுதல். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறுபடுவதால் இரண்டையும் தனித்தனியே பயில வேண்டும் என்பதையும், கொடுந்தமிழ் எனப்படும் பேச்சுவழக்குக்கும் செந்தமிழ் எனப்படும் இலக்கிய வழக்குக்கும் வீரமாமுனிவர் தனித்தனி இலக்கணம் எழுதியதைக் கொண்டு உணரலாம்.

இக்கட்டுரையைப் படிக்கும் குடும்பமும் சிற்றூர் ஒன்றில், ஆலயத்தை அடுத்த வீட்டில், பள்ளி செல்லும் பிள்ளையோடு தங்கியிருக்கலாம். ஆகவே அது செய்யத்தக்கது தெளிவு: முதல் மாதம் முழுவதையும் எழுத்துக்கு ஒதுக்கித் தாயும் தந்தையும் சேர்ந்தே கற்க வேண்டும், தொலைவிலிருந்து வரும் ஆலோசனை உள்ளூர் ஆசிரியரின் சொல்லோடு முரண்படுமானால், மாணவரின் நாவையும் செவியையும் நேரில் அறிந்த ஆசிரியரின் சொல்லையே ஏற்க வேண்டும்.